முந்நூற்று இருபத்தேழு நாள்

கோபப்படாமல் பழிவாங்கத் தெரிந்த ஒரே ஒருவரைத்தான் என் எழுபத்து நான்கு வயதுக்குள் பார்த்திருக்கிறேன். புனேயின் கோந்த்வாவில் எங்கள் கட்டடத்தில், எங்கள் வீட்டுக்கு நேர் மேலே மூன்றாம் மாடியில் பதினாறு வருடம் குடியிருந்த அம்மா அவர். பெயரை எழுதப் போவதில்லை. இப்போது பெங்களூரில் மகள் வீட்டோடு இருக்கிறார். இதை யாராவது அவருக்குப் படித்துக் காட்டினால், அதற்கும் ஏதாவது வைத்திருப்பார்.

குள்ளமான உருவம். மூக்குக்கண்ணாடியின் இரண்டு கம்பிகளையும் கறுப்பு நூலால் கட்டிக் கழுத்துக்குப் பின்னால் விட்டிருப்பார். குடியாத்தம் பக்கத்துப் பேச்சு. நாற்பது வருட புனே வாழ்க்கையில் அதற்குள் பாதி இந்தியும் கால்வாசி மராத்தியும் புகுந்திருந்தன. யாராவது அவருக்கு ஒன்று செய்துவிட்டால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே, "இருக்கட்டும்" என்பார். அவ்வளவுதான். சத்தம் போட மாட்டார், பேச்சை நிறுத்த மாட்டார். ஆனால் வாங்கியது எவ்வளவோ அவ்வளவும் ஒருநாள் திரும்பிப் போய்ச் சேரும். கூடவும் இருக்காது, குறையவும் இருக்காது.

நான்காம் மாடியில் ஒரு மராத்திக் குடும்பம் இருந்தது. அந்த வீட்டம்மா ஈரம் சொட்டச் சொட்டப் படுக்கை விரிப்பைக் கொடியில் போடுவார். கீழே பால்கனியில் மூன்றாம் மாடி அம்மா பிழிந்து வைத்த வடகமெல்லாம் நனைந்து கூழாகிவிடும். இது நான்கு தடவை நடந்தது. மறு கோடையில் அந்த மராத்தி அம்மா கோதுமைப் பாலில் குர்டயி என்ற வடகம் பிழிந்து மொட்டை மாடியில் காயப் போட்டார். இவர் மேலே போய், அதற்குச் சரியாக மேலே இருந்த கொடியில், பிழியாத போர்வையைத் தொங்கவிட்டு வந்தார். நான்கு நாள். ஐந்தாம் நாள் அவரே போய் மீதிக் குர்டயியைத் திருப்பிப்போட உதவினார். இருவரும் பிற்பாடு நெருங்கிய சிநேகிதிகள்.

இன்னொரு முறை ஒரு ஆட்டோக்காரன், மழையில் தெரு உள்ளே வர மாட்டேன் என்று அரை கிலோமீட்டர் முன்னாலேயே அவரை இறக்கிவிட்டான். இரண்டு மாதம் கழித்து அதே ஆட்டோ எங்கள் வாசலிலேயே நின்றுபோயிற்று. அன்றும் மழை. மெக்கானிக் எங்கே இருக்கிறான் என்று அவன் இவரிடமே வந்து கேட்டான். கோடி வரை போய்ப் பார் என்று கையைக் காட்டிவிட்டார். அங்கே கடை எதுவும் இல்லை. அவன் அரை கிலோமீட்டர் நடந்து ஏமாந்து திரும்பி வருவதற்குள், எங்கள் கட்டடத்திலேயே குடியிருந்த மெக்கானிக் பையனைக் கூப்பிட்டு வந்து தயாராக நிறுத்தி வைத்திருந்தார். அவனுக்குச் சூடாக டீயும் கொடுத்தார்.

முப்பத்து நான்கு வருடம் தொழிற்சாலைக் கிடங்கில் சாமான் எண்ணியவன் நான். மாடிப்படி, சப்பாத்தி, மாத்திரை, எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. அதனால் அந்த அம்மாவின் அளவு தவறாத நேர்த்தி முதலில் எனக்குப் பிடித்திருந்தது. என் பக்கம் அது திரும்பும் என்று நினைத்திருக்கவில்லை.

கொரோனாவுக்கு மூன்று வருடம் முன்னால் நான் எங்கள் தமிழர் சங்கத்தின் செயலாளர். சங்கத்தில் முக்கால்வாசிப் பேர் அதே தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அந்த வருடம் சங்கத்து நண்பர் ஒருவரின் மனைவி கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் இறந்துபோனார். கண்டுபிடித்தபோது எல்லாம் முடிந்துவிட்டிருந்தது. இறந்த வீட்டிலிருந்து திரும்பும்போதே இந்த அம்மா, "அண்ணா, நம்ம பொம்பளைங்களுக்கெல்லாம் டெஸ்ட் பண்ணணும். நீங்க டாக்டரைக் கூட்டினு வாங்க, ஆளுங்களை நான் கூட்டினு வரேன்" என்றார். என்னை அண்ணா என்றும் என் மனைவியை அண்ணி என்றும்தான் அழைப்பார்.

நான் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் பேசி, ஒரு பெண் டாக்டரையும் இரண்டு நர்ஸுகளையும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு வரவழைத்தேன். சங்க மண்டபத்தைப் படுக்கை விரிப்புகளால் தடுத்தோம். அந்த அம்மா வீடு வீடாகப் போய் வெட்கப்பட்டவர்களைக் கெஞ்சியும் மிரட்டியும் அறுபத்தொரு பெண்களைக் கொண்டுவந்து உட்கார வைத்தார். வலிக்காது, ஒரு சின்ன பிரஷ்ஷால் தொட்டு எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவிக்கொள்வார்கள், மூன்று வாரத்தில் முடிவு வரும் என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். முதல் ஆளாகத் தானே உள்ளே போய்வந்தார்.

படிவங்களை நிரப்பியது நான். சங்கத்துப் பதிவேட்டில் எப்போதும் ஆண்களின் தொழிற்சாலை டோக்கன் நம்பர்தான் இருக்கும். பெண்களுக்கு நம்பர் கிடையாது. இன்ன டோக்கனின் மனைவி என்றுதான் எழுதுவோம். பொங்கல் விழாவுக்குச் சாப்பாட்டுச் சீட்டு கொடுப்பதும் அப்படித்தான், மகளிர் தினத்துக்கு எவர்சில்வர் டப்பா கொடுப்பதும் அப்படித்தான். படிவத்திலும் அதே முறையைக் கையாண்டேன். தொலைபேசி எண் என்ற இடத்தில் வீட்டுக்காரர்களின் எண்ணைப் போட்டேன். அவை என்னிடம் ஏற்கெனவே வரிசையாக இருந்தன.

மூன்று வாரத்தில் அறிக்கைகள் கட்டாகச் சங்கத்துக்கு வந்தன. ஒட்டாத உறைகள். நான் டோக்கன் வரிசையில் அடுக்கினேன். ஆண்டறிக்கையில் எழுதவேண்டும் என்பதற்காக ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தேன். ஐம்பத்தேழு பேருக்கு ஒன்றுமில்லை. மூன்று பேருக்குச் சாதாரணப் புண், மாத்திரை போதும். ஒன்றில் மட்டும் கீழே சிவப்புக் கோடு போட்டு, உடனே மேல் பரிசோதனைக்கு வரவும் என்று எழுதியிருந்தது. அது மூன்றாம் மாடியினுடையது.

அடுத்த ஞாயிறு நிர்வாகக் கூட்டம் முடிந்ததும் உறுப்பினர்களுக்கு உறைகளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினேன். அந்த அம்மாவின் வீட்டுக்காரர் லேத்தில் வேலை பார்த்தவர். ஆறடி உயரம், வாய் திறந்து பேசாத மனிதர். உறையை அங்கேயே பிரித்துப் படித்தார். பிறகு என் முழங்கையைப் பிடித்து மாடிப்படிக்குக் கீழே கூட்டிக்கொண்டு போனார்.

"நீங்களும் படிச்சிருப்பீங்க. தையில பொண்ணு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா, அம்மாக்காரிக்கே இந்த வியாதியான்னு நிறுத்திடுவாங்க. அதுவரைக்கும் வாயத் தொறக்காதீங்க" என்றார்.

நான் மனதுக்குள் எண்ணினேன். தைக்கு ஐந்து மாதம். ஐந்து மாதம் பெரிய விஷயமில்லை என்று எனக்குத் தோன்றியது. எந்தப் படிப்பை வைத்து அப்படித் தோன்றியது என்று இன்றுவரை தெரியவில்லை. சரி என்றேன்.

அந்த அம்மா என்னிடம் மூன்று தடவை கேட்டார். படிக்கட்டில் ஒரு முறை, காய்கறி மண்டியில் ஒரு முறை, கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தபோது ஒரு முறை. ரிப்போர்ட் என்ன ஆயிற்று என்பார். கொடுத்தாயிற்று, கையெழுத்து இருக்கிறது என்பேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. வீட்டுக்காரர் அவரிடம் எல்லாம் நார்மல் என்று சொல்லிவிட்டிருந்தார். தையில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. எனக்கு இலை போட்டு, பாயசத்தை இரண்டாம் முறை ஊற்றியது அந்த அம்மாதான். கல்யாணம் முடிந்ததும் நான் வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஆடிக்குப் பெண்ணை அழைத்துவர வேண்டும், சம்பந்தி வீட்டார் வருவார்கள், அது முடியட்டும் என்றார். அதற்கும் சரி என்றேன்.

ஆடியில் பெண்ணும் வந்தாள், அடுத்த முகாமும் வந்தது. அதே மண்டபம், அதே படுக்கை விரிப்புகள். அந்த அம்மா வாசலில் நின்று பெண்களை வரிசையில் அனுப்பிக்கொண்டிருந்தார். போன வருடம் வந்த நர்ஸ் ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு அவரிடம் வந்தாள்.

"தாயி, தும்ஹி ஆலாச் நாஹீத்" என்றாள். அக்கா, நீங்கள் வரவேயில்லையே என்று அர்த்தம்.

எங்கே வரவில்லை என்று அந்த அம்மா கேட்டார். நர்ஸ் பட்டியலைக் காட்டினாள். மூன்று தடவை போன் செய்ததாகவும், மூன்று தடவையும் ஓர் ஆண் எடுத்து, அனுப்புகிறேன் என்று சொன்னதாகவும் சொன்னாள். நான் நாலடி தள்ளி, மேஜையில் படிவங்களை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்தெட்டு வரை எண்ணியிருந்தேன். அதற்குமேல் எண்ண முடியவில்லை.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். "இருக்கட்டும்" என்றார். அன்று மாலை வரை வாசலிலேயே நின்று, கடைசிப் பெண் போகும்வரை டீ கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார். அறிக்கை வந்த நாளிலிருந்து அது முந்நூற்று இருபத்தேழாம் நாள். அன்று இரவு நான் எண்ணிப் பார்த்தேன். அவர் எனக்கு முன்பே எண்ணியிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஆஸ்பத்திரிக்கு அவர் என் மனைவியைத்தான் துணைக்கு அழைத்துப் போனார். வீட்டுக்காரரை வரவேண்டாம் என்றுவிட்டார். பெரிதாக்கிக் காட்டும் கருவியால் பார்த்து, சின்னத் துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். புற்றுநோய் இன்னும் ஆகவில்லை, ஆனால் அதற்கு முந்தின படி, இன்னும் விட்டிருந்தால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். மரத்துப்போக ஊசி போட்டு, மின்சாரம் பாய்ந்த மெல்லிய கம்பி வளையத்தால் அந்த இடத்தை மட்டும் சீவி எடுத்துவிட்டு, அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள். நாலு வாரம் பாரம் தூக்கக்கூடாது, புருஷன் பெண்டாட்டி சேரக்கூடாது, காபித்தூள் கரைத்ததுபோல் கசியும், பயப்பட வேண்டாம், ரத்தம் அதிகமானாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வரவேண்டும். என் மனைவி இத்தனையையும் ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். எட்டு வரி.

பதினோராம் நாள் ரத்தம் நிற்காமல் போயிற்று. புண்ணின் பொருக்கு உதிரும் நாட்கள் அவை. நல்ல மழை. என் மனைவி அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனாள். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். ஆட்டோவில் ஏறும்போது அந்த அம்மாவின் சேலையின் பின்பக்கம் முழுவதும் நனைந்திருந்தது. மழை என்று நினைத்தேன். பிறகு படிக்கட்டில் பார்த்தேன். மூன்றாம் மாடியிலிருந்து வாசல்வரை ஒன்பது இடத்தில் சொட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் மருந்துத் துணி வைத்து அடைத்து ரத்தத்தை நிறுத்தினார்கள். அவர் வீட்டுக்காரர் அந்த ஒன்பது இடத்தையும் ஈரத் துணியால் துடைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தார். நானும் அவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பிழைத்து எழுந்ததும் முதலில் வீட்டுக்காரரைத்தான் எடுத்துக்கொண்டார். கோந்த்வாவில் எங்களுக்குத் தண்ணீர் டேங்கர் லாரியில் வரும். கீழ்த் தொட்டியில் ஊற்றிவிட்டுப் போய்விடுவார்கள். மோட்டார் பாதி நாள் ஓடாது. குடங்களில் மேலே தூக்க வேண்டும். அதுவரை அந்த வீட்டில் தூக்கியது அந்த அம்மா. இப்போது அந்த ஆறடி மனிதர் இடுப்பில் குடத்தோடு மூன்று மாடி ஏறினார். வழியில் பார்த்தவர்கள் ஏன் என்று கேட்டார்கள். அந்த அம்மா படிக்கட்டின் மேல்முனையில் நின்றுகொண்டு, கேட்டவர் தமிழரானால் தமிழிலும், மற்றவர்களுக்கு இந்தியிலும் மராத்தியிலும், ஒன்று விடாமல் சொன்னார். எந்த இடத்தில் என்ன வந்தது, எங்கே வெட்டினார்கள், அறிக்கை எத்தனை நாள் அலமாரியில் எந்த ஃபைலுக்கு அடியில் இருந்தது, எல்லாம். அந்த மனிதர் குடத்தோடு நடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். முடிந்ததும் மேலே ஏறுவார்.

நாலு வாரம் முடிந்தும் அவர்தான் தூக்கினார். என் மனைவி ஒருநாள், பாவம், போதுமே என்று சொல்லிப் பார்த்தாளாம். "டாக்டரு சொன்னது நாலு வாரம், அண்ணி. நான் சொன்னது இன்னும் முடியல" என்று பதில் வந்தது.

முந்நூற்று இருபத்தேழு நாள் தூக்கினார். படுக்கையும் அத்தனை நாளும் பால்கனியில். மறுநாள் காலையில் அந்த அம்மா தன் குடத்தை எடுத்துக்கொண்டு கீழே வந்தார். வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடிவந்து வாங்கப் போனபோது, கொடுக்கவில்லை.

சம்பந்தி அம்மாவிடமும் அவரே போய்ச் சொல்லிவிட்டார். எந்தப் பயத்துக்காக எல்லாம் மூடி வைக்கப்பட்டதோ, அந்தப் பயம் அங்கே இருக்கவில்லை. சம்பந்தி அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, அந்த டெஸ்ட் எனக்கும் எடுக்க முடியுமா என்று கேட்டாராம்.

என் முறை பொதுக்குழுவில் வந்தது என்று நினைத்தேன். நான் ஆண்டறிக்கை படித்துக்கொண்டிருந்தேன். அறுபத்தொரு பெண்களுக்குச் சோதனை, அறுபத்தொரு அறிக்கைகள், அறுபத்தொரு கையெழுத்துகள் என்று படித்து நிறுத்தினேன். கைதட்டினார்கள். பின்வரிசையிலிருந்து அந்த அம்மா எழுந்தார்.

"செயலாளரே, அந்தக் கையெழுத்தெல்லாம் யார் யார் போட்டதுன்னு கொஞ்சம் படிங்க."

அண்ணா போய்ச் செயலாளர் ஆகியிருந்தேன். படித்தேன். பதினோரு பெயர் படித்ததும் கையை உயர்த்தினார்.

"போதும். இதுல ஒரு பொம்பள பேரு வந்துச்சா?"

பதிவேட்டை மூடினேன். இனி பெண்களின் அறிக்கை பெண்களின் கையில்தான், படிவத்தில் அவரவர் பெயர், அவரவர் போன் எண் என்று அன்றே தீர்மானம் போட்டார்கள். முகாம் பொறுப்பு அந்த அம்மாவிடம் போயிற்று. அடுத்த தேர்தலில் நான் நிற்கவில்லை.

அவமானம்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு நிம்மதியும் இருந்தது. கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டார், முடிந்தது என்று நினைத்தேன். உறையைப் பிரித்துப் படித்துத் தெரிந்துகொண்டேதான் கொடுத்தேன் என்பது அவருக்குத் தெரியாது என்றும் நினைத்தேன். கூட்டத்தில் அதை அவர் சொல்லவில்லையே. ஆனால் என்னைச் செயலாளரே என்று கூப்பிடுவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. நான் பதவியை விட்ட பிறகும் அப்படித்தான் கூப்பிட்டார். அது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

மறு வருடம் ஆவணியில் என் மனைவி ஊரின் இன்னொரு கோடியில், கராடியிலிருந்த மகள் வீட்டுக்குப் புறப்பட்டாள். மகளும் மருமகனும் கணினி வேலை. பேத்தியைப் பார்த்துக்கொண்ட ஆயா கணபதிப் பண்டிகைக்கு ஊருக்குப் போனவள் வரவில்லை, நாலு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். எனக்குச் சமைக்கத் தெரியாது. சாப்பாட்டுக்கு என்ன செய்வேன் என்று கவலைப்பட்டேன். அந்த அம்மா, நான் அனுப்புகிறேன் என்று என் மனைவியிடம் சொல்லிவிட்டார். தினமும் இரண்டு வேளை அவர் வீட்டுக்காரர் தூக்குப் பாத்திரத்தில் கொண்டுவந்து கொடுத்தார். இரவில் நாலு சப்பாத்தி. இருபத்தெட்டு நாளில் நூற்றுப் பன்னிரண்டு சப்பாத்தி. உப்பு, காரம், எண்ணெய் எல்லாம் என் வீட்டுப் பக்குவத்திலேயே இருந்தன. நான் நெகிழ்ந்துபோனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கராடிக்குப் போனேன். என் மனைவி முதுகுவலி என்று படுத்திருந்தாள். ஆயா வேலை அதிகம்போல என்று நினைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். அவள் வீடு திரும்பிய பிறகு அந்த அம்மாவிடம் மாடியேறிப் போய் நன்றி சொன்னேன்.

"இருக்கட்டும், செயலாளரே" என்றார்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மறு ஆனி மாதம், ஊரடங்கு நேரம். ஒரு காலையில் அந்த அம்மா முகக்கவசத்தோடு எங்கள் கதவைத் தட்டினார். உள்ளே வரவில்லை. ஒரு காகிதத்தை நீட்டினார். என் மனைவியின் பெயர், போன வருட ஆடி முகாமின் அறிக்கை. மேல் பரிசோதனை தேவை என்று போட்டிருந்தது. அதோடு இணைத்த இன்னொரு தாளில் அறுவை நடந்த தேதி. ஆயா ஊருக்குப் போனதாகச் சொன்ன வாரம்.

நான் அறிக்கை வந்த தேதியைத்தான் முதலில் பார்த்தேன். எண்ணினேன். வாசலில் நின்றபடியே அதிலிருந்து அன்றுவரை விரல் விட்டு எண்ணினேன். அவர் பொறுமையாகக் காத்திருந்தார்.

"சரியா வருதா?" என்றார்.

சரியாக வந்தது. முந்நூற்று இருபத்தேழு.

கதவைப் பிடித்துக்கொண்டேன். ஒரு மனிதனிடம் அவன் மனைவியின் நோயை மறைப்பது நியாயமா, நடுவில் ஏதாவது ஆகியிருந்தால் என்ன செய்வது என்று கேட்டேன்.

"நீங்க படிச்சுட்டுத்தான் குடுத்தீங்கன்னு எம் வீட்டுக்காரரு அந்த நர்ஸு சொன்ன அன்னிக்கே சொல்லிட்டாரு" என்றார் அவர். "எம் பொண்ணு கல்யாணத்துல பாயசம் ஊத்தினப்ப உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. இல்லியா?"

கையிலிருந்த தாளை மடித்தேன்.

"அண்ணிக்கு ரிப்போர்ட் வந்த பதினெட்டாம் நாள் ஆபரேஷன் ஆயிடுச்சு. நாலு வாரம் ஒரு சொம்பு தூக்க விடல. ஆறாம் மாசம் மறு டெஸ்ட்டும் எடுத்தாச்சு. அவங்களுக்கு ஒரு நாள்கூட வீணாப் போவல. நான் நிறுத்தி வெச்சது உங்களை மட்டும்தான்."

மறு டெஸ்ட்டில் என்ன வந்தது என்று கேட்டேன். அதை அண்ணியிடம் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு மாடியேறிப் போய்விட்டார்.

என் மனைவி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருந்தாள். நாற்பத்தாறு வருடம் குடும்பம் நடத்தியவள், மகளையும் சேர்த்துக்கொண்டு இப்படிச் செய்வாயா என்றேன்.

"அவங்க கேட்டப்ப நான் ரெண்டு நாள் யோசிச்சேன்" என்றாள். "அந்தப் பதினோரு மாசமும் நானும் அவங்களும் தெனம் ஒண்ணாத்தான் மண்டிக்குப் போனோம். அவங்க தூக்குப் பையில நானே ரெண்டு கிலோ சேத்துப் போட்டிருக்கேன். நீங்க இங்க உக்காந்து பாத்துட்டிருந்தீங்க. எங்கிட்டகூட ஒரு வார்த்தை சொல்லல. அதை நெனச்சேன், சரின்னுட்டேன்."

பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அந்த அம்மாவை நான் மன்னிக்கவில்லை. அவர் செய்தது அளவு தவறாதது என்பதால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. கொஞ்சம் கூடுதலாகச் செய்திருந்தால் நான் சண்டை போட்டிருக்கலாம். திருப்பிச் செய்ய நானும் யோசித்தேன். பால்கனித் தொட்டிச் செடிகளைப் பற்றிக் கட்டடக் கமிட்டிக்குப் புகார், வடகத்தின் மேல் தண்ணீர், அவர் மாப்பிள்ளைக்கு ஒரு கடிதம் என்று ஏழு வழிகள் தோன்றின. கடிதத்தை எழுதவே எழுதினேன். ஆனால் எதையும் எந்த அளவில் செய்வது என்று எனக்குப் பிடிபடவில்லை. செயலாளராக இருந்தவன் செய்ததற்கு அவர் திருப்பிச் செய்தார். நான் செய்தால் அது எதற்கு?

ஊரடங்கு எல்லாம் முடிந்து அவர்கள் வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூருக்குக் கிளம்பினார்கள். லாரியில் சாமான் ஏற்றியபோது நான் கீழே போகவில்லை. அவரே எங்கள் வீட்டுக்கு வந்தார். என் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "வரேண்ணா" என்றார்.

மூன்று வருடத்துக்குப் பிறகு அண்ணா. நான் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. என்னால் முடிந்த பழி அவ்வளவுதான்.

என் மனைவி இப்போதும் தவறாமல் மறு சோதனைக்குப் போகிறாள். அவள் வேண்டாம் என்றாலும் நான் கூடப் போகிறேன். உள்ளே என்னை விடுவதில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன். எதிர்ச் சுவரில் நாற்பத்திரண்டு ஓடு பதித்திருக்கிறார்கள், மேல் வரிசையில் ஒன்று உடைந்திருக்கிறது. முடிவை வாங்கும் நாளிலும் அவள்தான் உள்ளே போய் வாங்குகிறாள். உறையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்துவிடுகிறாள். நான் கேட்பதில்லை. கேட்கும் உரிமையை எங்கே விட்டேன் என்று எனக்குத் தெரியும். அவளாகச் சொல்வதும் இல்லை. இதுவரை நான்கு முறை ஆயிற்று.

போன வாரம் வாங்கிக்கொண்டு வெளியே வந்தவள், பசிக்கிறது என்றாள். ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே வண்டிக்கடையில் ஜவ்வரிசி வடை சுட்டுக்கொண்டிருந்தார்கள். தட்டுக்கு இரண்டு. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். முதல் வடையைத் தயிரில் தோய்த்து நிதானமாகத் தின்றாள். இரண்டாவதைப் பாதியில் வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்தாள். ஒரு பஸ் போயிற்று, இன்னொரு பஸ் போயிற்று. பிறகு கையைத் தட்டுக்குக் கொண்டுபோய் மீதிப் பாதியையும் எடுத்துத் தின்று முடித்து, என் தட்டில் மிச்சமிருந்த ஒன்றைப் பார்த்து, உங்களுக்கு வேண்டாமென்றால் அதையும் கொடுங்கள் என்றாள்.

கொடுத்தேன். மூன்று வடை. அதை வைத்து நானாக ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன்.